மலையில பொறந்தவனுக்குத் துறைமுகத்துல என்ன வேலை?

"மாஞ்சோலைல பொறந்துட்டு, போயும் போயும் தூத்துக்குடியிலயா குடியிருக்கீரு?"

கல்யாணம், காதுகுத்துன்னு எங்க போனாலும் இந்தக் கேள்வி தப்பாம வரும். கேக்குறவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. ஒரு பக்கம் தேயிலை, மேகம், குளிரு. இன்னொரு பக்கம் உப்பு, வெயிலு, கருவாட்டு வாடை, கன்டெய்னர் லாரி. தராசுல வச்சா யாருக்கும் மலைப்பக்கம்தான் சாயும். பதினெட்டு வருசமா நானும் சிரிச்சு மழுப்பிக்கிட்டுத்தான் இருந்தேன். இப்போ உக்காந்து எழுதியே ஆகணும்னு தோணுது. ஏன்னா 2024-ல இருந்து இந்தக் கேள்வியைக் கேக்குற ஆளு எங்கப்பா. அதுவும் எங்க வீட்டுத் திண்ணையிலயே உக்காந்துக்கிட்டு!

நீளமான பதிவு மக்களே. டீ, காபி ஏதாவது எடுத்து வச்சுக்கிட்டு வாங்க :-)

*

மாஞ்சோலைன்னா கேள்விப்பட்டிருப்பீங்க. மணிமுத்தாறு அணையைத் தாண்டி மலைப்பாதையில ஏறினா மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டின்னு அடுத்தடுத்து வரும். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட, ஏறக்குறைய 8,374 ஏக்கர் காட்டில் உருவான தோட்டங்கள். குத்தகை 2028-ல் முடிகிறது. சுற்றிலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். குத்தகைக் கெடுவுக்கு முன்பே, 2024 ஜூனில் தோட்ட வேலை முடிவுக்கு வந்தது. தொழிலாளிகளுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள்.

வெளியூர்க்காரங்களுக்கு இதுல ஒரு விசயம் சட்டுனு பிடிபடாது. தேயிலைத் தோட்டத்துல வீடுங்கிறது வேலையோட ஒட்டினது. லயன் வீட்டுல பொறப்பீங்க, அங்கயே கல்யாணம் முடிப்பீங்க, பிள்ளை பெறுவீங்க. ஆனா அந்தச் சுவரு உங்களோடது இல்ல. வேலை முடிஞ்சா வீடும் முடிஞ்சுது. எங்க குடும்பம் மூணு தலைமுறை கொழுந்து பறிச்ச குடும்பம். அப்பாவும் அம்மாவும் இறங்கி வரும்போது ரெண்டு டிரங்குப் பெட்டி, ஒரு ஆட்டுரல், அம்மா வளர்த்த டேலியாக் கிழங்கு ஒரு பை. அவ்வளவுதான். (டேலியா இந்த ஊரு வெயில்ல முளைக்கவே இல்ல. அது வேற சோகம்.)

வந்த முதல் வாரம் அப்பாவைக் கடற்கரை ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ஏல, இதுவா கடலு? அலையவே காணோம். குளம் கணக்கா கெடக்கு" அப்படின்னார். அப்புறம், "என்ன இருக்குன்னு இந்த ஊர்ல வந்து உக்காந்துட்ட?"

அந்தக் கேள்விக்கு அன்னிக்கு நான் சொன்ன பதில் "சோறு இருக்குப்பா". ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை, மாசாமாசம் சம்பளம். அது உண்மைதான். ஆனா அது மட்டும் இல்ல. மிச்சத்தைத்தான் இங்க சொல்லப்போறேன்.

*

முதல்ல அந்த அலை சமாச்சாரம். தூத்துக்குடியில அலை இல்லாததுதான் தூத்துக்குடி இருக்குறதுக்கே காரணம். மன்னார் வளைகுடாவுல வரிசையா 21 தீவு. எல்லாம் பவளப்பாறைத் திட்டுகளை ஒட்டினது. எங்க ஊருக்கு நேரா வான்தீவு, காசுவார் தீவு, முயல்தீவுன்னு நிக்குது. அந்தப் பக்கம் இலங்கை. கடல் சீற்றத்தை இதுங்க வாங்கிக்கிடுது. ஊருக்கு வந்து சேர்றது மிச்சம்தான்.

அதே சமயம் கரையோரத்துல ஆழமும் இல்ல. அந்தக் காலத்துல பெரிய கப்பல் எல்லாம் அஞ்சாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும். சரக்கைத் தோணியில ஏத்தித்தான் கரைக்குக் கொண்டு வரணும். மரத்துல கட்டின பெரிய பாய்மரத் தோணிகளும், அதைக் கட்டுற ஆசாரிமாரும், ஓட்டுற தண்டல்மாரும் (தோணிக்குத் தலைவர் தண்டல்) இந்த ஊருக்கு அடையாளமானது அப்படித்தான். கடல்ல ரெண்டு பக்கமும் ஆளுக்குச் சுமார் 4 கிலோமீட்டருக்குக் கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் எழுப்பின புதுத்துறைமுகம் வந்தது ரொம்பப் பின்னாடி. 1974-ல் அது இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகம் ஆனது. 2011-ல் வ.உ.சி. பெயரை வைத்தார்கள். ஆனா பழைய துறைமுகத்துல தோணி இன்னும் இருக்கு. மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் காய்கறி, ஜல்லி, மணல், சிமெண்டு எல்லாம் போகுது. இப்போ பாயோட எஞ்சினும் சேர்ந்துடுச்சு.

ஆபீஸ் வேலையா நான் பாதி நாள் புதுத்துறைமுகத்துக்குள்ள சுத்துவேன். காந்த அட்டை, வேலி, பாதுகாப்புச் சோதனை, ராட்சத கிரேன். அங்க கடலைப் பார்க்கவே முடியாது, இரும்புப் பெட்டி மட்டும்தான். சாயங்காலம் வண்டியை எடுத்துட்டுப் பழைய துறைமுகப் பக்கம் வந்தா, ஒரு ஆள் தோணி ஓரத்துல உக்காந்து பலகை இடுக்குல பஞ்சை வச்சு அடிச்சுக்கிட்டு இருப்பார். ரெண்டுமே இந்த ஊரோட இன்னிக்குப் பிழைப்பு. காட்சிக்கு வச்ச பழைய பொருள் எதுவும் இல்ல. வரலாறு இருக்குற ஊருக்கும், வரலாறு இன்னும் வேலைக்குப் போய்க்கிட்டு இருக்குற ஊருக்கும் வித்தியாசம் இருக்கு பாருங்க. எனக்குப் பிடிச்சது ரெண்டாவது.

*

சரி, பெரிய விசயத்துக்கு வர்றேன்.

தாமிரபரணி கடலைத் தொடுற இந்தப் பக்கத்துல, துறைமுகம் ஒரே இடத்துல இருந்ததே இல்ல. முதல்ல கொற்கை. பாண்டியர் துறைமுகம், முத்துக்குப் பேர் போனது. கிரேக்கக் கடலோடிக் குறிப்பான பெரிப்ளூஸ்ல அந்தப் பேர் வருது, தாலமியும் எழுதியிருக்கார். ஆறு வருசா வருசம் மண்ணைக் கொண்டுவந்து கொட்டிச்சு. கடல் பின்வாங்கிச்சு. இன்னிக்குக் கொற்கைக்குப் போனா வயல், வாழைத்தோட்டம், ஒரு பழைய வன்னிமரம், ஒரு குளம். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. துறைமுகம்னு சொன்னா நம்ப மாட்டீங்க.

கொற்கை போனதும் ஆத்து முகத்துவாரத்துப் பக்கம் காயல் வந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பார்த்த ஊர். அரபு நாட்டிலிருந்து குதிரைகள் இறங்கிய துறை. அதுவும் மண்மூடிப் போச்சு. 19-ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் கொற்கையிலயும் பழையகாயல்லயும் தோண்டிப் பார்த்தார். பழையகாயல் மண்ணுக்குள்ள சீனப் பீங்கான் துண்டெல்லாம் கிடைச்சது. மார்க்கோ போலோ சொன்ன காயல் இதுதான்னு எழுதினார்.

அடுத்து புன்னைக்காயல். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்களுக்கு முக்கியமான இடம். அதுக்கப்புறம்தான் வடக்கே தள்ளித் தூத்துக்குடி மேல வந்தது. 1658-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். கை மாறி மாறி, 1825-ல் ஒரேயடியாக ஆங்கிலேயரிடம் போனது.

இதுல என்ன பெரிசுன்னு கேக்கலாம். மூணு தடவை துறை செத்துச்சு. ஆனா துறையில இருந்த ஆளுங்க சாகல. முத்துக்குளிக்கத் தெரிஞ்சவன், தோணி கட்டத் தெரிஞ்சவன், கணக்கெழுதத் தெரிஞ்சவன் எல்லாம் கடல் எங்க போச்சோ அங்க மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போனான். புது இடத்துல பழைய தொழில். இந்தப் பக்கத்து மனுசனுக்கு 'இடம் பெயர்றது'ங்கிறது ரெண்டாயிரம் வருசத்துப் பழக்கம். ஜோ டி குரூஸ் தூத்துக்குடித் தோணி வணிகத்தைப் பத்தி எழுதின பெரிய நாவலுக்கு 'கொற்கை'ன்னு பேர் வச்சார் (2009-ல வந்தது, 2013-ல சாகித்ய அகாதமி விருது வாங்கிச்சு). இந்த ஊரோட கதைக்கு அந்த ஊரோட பேரு. ஊர் நகர்ந்துச்சு, கூடவே பேரையும் தூக்கிட்டு வந்துடுச்சுன்னு நான் எடுத்துக்கிட்டேன்.

மலையில அப்படி இல்ல. தேயிலையை வெட்டி இன்னொரு இடத்துல நட முடியாது. தோட்டம் போச்சுன்னா போச்சு. கொழுந்து பறிக்கிற கை வேகம், கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற லாவகம், இதெல்லாம் சமவெளியில எந்த வேலைக்கும் ஆகாது. அப்பாவோட வருத்தம் வீடு போனதுல பாதி, கைக்கு வேலை இல்லாமப் போனதுல பாதி. அது எனக்குப் புரியுது. அதனாலதான் இந்த ஊர்க் கதையை அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

*

அப்புறம் இங்க யாரும் 'வந்தேறி' இல்ல. அல்லது எல்லாருமே வந்தேறி. எப்படி வேணா வச்சுக்கலாம்.

நாம தினமும் பேசுற வார்த்தையைப் பாருங்க. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, ஏலம், பாதிரி, பீப்பாய். எல்லாம் போர்ச்சுகீசியர் கொண்டுவந்து இறக்கினது. கக்கூஸ் டச்சுக்காரர் தயவு :-) எங்க தோட்டத்துல தினமும் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற மேஸ்திரி இருப்பாரே, அந்த 'மேஸ்திரி'யும் போர்ச்சுகீசிய வார்த்தைதான். கடல் வழியா இந்தியாவுக்கு வந்து, எங்க மலை உச்சி வரைக்கும் ஏறியிருக்கு. அப்பாவுக்கு இதைச் சொன்னப்போ நம்பவே இல்ல. "மேஸ்திரியும் வெள்ளைக்காரன் வார்த்தையால? அதான் அந்தாளு அந்தப் போடு போட்டார்!"

நாம எல்லாம் எழுத்து எழுத்துன்னு அலையறவங்க இல்லையா, நமக்கு ஒரு சேதி. ஹென்றிக்ஸ் பாதிரியாரோட 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது. அந்த மனுசன் தமிழ் படிச்சதும், பல வருசம் வேலை பார்த்ததும் இந்த முத்துக்குளித்துறைக் கரையிலதான். எங்கயோ போர்ச்சுகல்ல பொறந்தவர், புன்னைக்காயல் மணல்ல உக்காந்து தமிழுக்கு இலக்கணம் எழுதியிருக்கார். அவரை யாரும் 'என்ன இருக்குன்னு இந்த ஊர்ல வந்து உக்காந்த'ன்னு கேட்டாங்களான்னு தெரியல!

பனிமய மாதா கோவில் சிலை மணிலாவுல இருந்து கப்பல்ல வந்ததா சொல்வாங்க. இப்ப இருக்குற கோவில் 1713-ல் கட்டி முடிச்சது. ஜூலை 26 கொடியேறினா ஆகஸ்ட் 5 வரைக்கும் ஊரே அங்கதான். பனியே பார்க்காத ஊர்ல பனி மாதா. சிவன் கோவில் தெருக்காரங்களும், ஜாமியா பள்ளிவாசல் பக்கத்துக்காரங்களும் சேர்ந்துதான் திருவிழாக் கடையில நிப்பாங்க. எங்கம்மா முதல் வருசமே ஒரு மெழுகுவர்த்தி வாங்கிட்டுப் போய் நின்னுட்டாங்க. என்ன வேண்டினீங்கன்னு கேட்டேன். "அந்தம்மாவும் வெளியூருதானே, சொன்னா புரியும்" அப்படின்னாங்க.

சாப்பாட்டைச் சொல்லாம விட்டா சாபம் விழும். எங்க ஊர்ல 'நைட் கிளப்'னா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல, பரோட்டாக் கடை. எண்ணெயில முங்கிப் பொரிச்ச பரோட்டா, மேல சால்னா. ராத்திரி ஷிப்டு முடிச்சு வர்ற துறைமுகத்து ஆளுக்கும், லாரி டிரைவருக்கும், மில்லுக்காரனுக்கும் ஒரே பெஞ்சு. மக்ரூன் தெரியும்தானே? வெளிநாட்டுல பாதாம் போட்டுச் செய்வாங்க. இங்க பாதாமுக்குப் பதிலா முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சீனி. வாயில போட்டா கரைஞ்சிடும். வெளிய இருந்து வந்த பலகாரத்தை நம்ம ஊரு முந்திரியைப் போட்டு நம்ம பலகாரமா ஆக்கிட்டாங்க. துறைமுகத்து ஊர்கள் எல்லாத்துக்கும் இதே குணம்தான். கொச்சியோ, நாகப்பட்டினமோ, பினாங்கோ, வந்ததைத் திருப்பி அனுப்பாது, கொஞ்சம் மாத்தித் தன்னோடதா வச்சுக்கும்.

வர்றது இன்னும் நிக்கல. 2025 ஆகஸ்ட்ல வியட்நாம்காரங்க மின்சாரக் கார் ஆலை திறந்தாங்க. எங்க தெரு மெஸ்ல அவங்க ஆளு ரெண்டு பேர் மீன்குழம்புக்கு வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருந்ததைப் பார்த்தேன். கல்லாவுல இருந்த அண்ணாச்சி அசரவே இல்ல. "ரசம் ஊத்துப்பா அவங்களுக்கு"ன்னு அதட்டினார். அவ்வளவுதான் வரவேற்பு.

*

இப்படியே எழுதிட்டுப் போனா சுற்றுலாத்துறைப் புத்தகம் மாதிரி ஆயிடும். இந்த ஊருக்கு இன்னொரு முகமும் இருக்கு.

முத்துநகர்னு பேரு. ஆனா 1961-க்கு அப்புறம் முத்துக்குளிப்பு நடக்கவே இல்ல. சிப்பி இல்ல. சங்கு குளிக்கிறவங்க இருக்காங்க, உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு முங்குறாங்க. உப்பளத்துல விடியக்காலம் மூணு மணிக்கே பெண்கள் வேலைக்குப் போறாங்க, வெயில் ஏறிட்டா கண்ணைத் திறக்க முடியாதுன்னு. தெருவுக்குத் தெரு சாதிக் கணக்கு இங்கயும் உண்டு. 'எல்லாரும் ஒண்ணா ஒரே பெஞ்சுல'ன்னு மேல எழுதினேன் இல்லையா, பெஞ்சு ஒண்ணுதான், வீடு வாடகைக்குக் கேட்டுப் போனாத் தெரியும்.

கூலிக்காக நின்னதுலயும் இந்த ஊருக்குப் பழைய கணக்கு இருக்கு. 1906-ல் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து, கொழும்புக்குக் கப்பல் விட்டதைப் பள்ளிக்கூடத்திலேயே படிச்சிருக்கோம். அதைவிட எனக்குப் பெரிசாப் படுறது 1908 பிப்ரவரி கடைசியில் நடந்த கோரல் மில் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளிகள் பக்கம் நின்றார்கள். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை எல்லாம் கிடைத்தது. சில நாள்லயே, மார்ச் 12-ல் அவர்களைக் கைது செய்தார்கள். கப்பல் போச்சு, வ.உ.சி. செக்கிழுத்தார். ஆனா ஜெயிச்ச ஞாயிற்றுக்கிழமை ஜெயிச்சதுதான்.

தொண்ணூத்தியொரு வருசம் கழிச்சு, அதே ஆத்தோட மேல்முனையில இருந்து இறங்கி வந்த மாஞ்சோலைத் தொழிலாளர்களோட கூலிக்காக 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். அன்னிக்குத் தாமிரபரணியில் 17 பேர் செத்துப்போனாங்க. 2018 மே 22-ல், ஆத்தோட கீழ்முனையில, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள், துப்பாக்கிச் சூட்டில் 13 பேர். இந்த மூணு தேதியும் என் மண்டைக்குள்ள ஒரே வரிசையில நிக்குது. மலையும் துறைமுகமும் வேற வேற உலகம்னு யாராவது சொன்னா, இதனாலதான் எனக்கு ஒப்புக்க முடியல.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட மழை. கோரம்பள்ளம் குளம் உடைஞ்சு ஊருக்குள்ள தண்ணி. அப்ப அப்பா மலையில இருந்தார். லைன் கிடைச்சப்போ, "ஏல, இங்கயும் ஊத்துது. தண்ணி அங்கதான் வரும், பாத்துக்க" அப்படின்னார். எங்க தெருவுல இடுப்பளவு. மீன்பிடிக்கிறவங்க வள்ளத்தை லாரியில ஏத்திக் கொண்டுவந்து தெருத்தெருவா ஆள் எடுத்தாங்க. எதிர்வீட்டுப் பாட்டியை ஏத்தினவர்கிட்ட "நீங்க எந்தத் தெரு தம்பி"ன்னு பாட்டி கேட்டுச்சு. "கடல் தெரு பாட்டி, ஏறுங்க"ன்னார். அன்னிக்கு மட்டும் சாதிக் கணக்கை யாரும் பார்க்கல. அன்னிக்கு மட்டும்னு சொல்றதுல வருத்தம் இருக்கு, ஆனா அந்த ஒரு நாளும் உண்மை.

*

அப்பா விசயத்துக்கு வர்றேன்.

ரெண்டு மூணு மாசம் வீட்டுக்குள்ளயே இருந்தவர், மெதுவா சாயங்காலம் கடற்கரை ரோட்டுப் பக்கம் நடக்க ஆரம்பிச்சார். அங்க ஒரு பெஞ்சு. அதுல வயசான ஒரு தண்டல் தினமும் வந்து உக்காருவார். நாப்பது வருசம் கொழும்புக்கும் மாலிக்கும் தோணி ஓட்டினவர். இப்போ மூட்டுவலி, கடலுக்குப் போறதில்ல. அவருக்கும் கையில வேலை இல்ல. ரெண்டு பேருக்கும் பேச்சு ஒட்டிக்கிடுச்சு. இவர் அட்டை கடிச்ச கதை சொல்வார், அவர் கச்சான் காத்துல பாய் கிழிஞ்ச கதை சொல்வார்.

ஒருநாள் நானும் கூட இருந்தேன். தண்டல் கேட்டார்:

"அண்ணாச்சிக்கு மாஞ்சோலைன்னா, மணிமுத்தாத்துத் தண்ணிதானே குடிச்சு வளந்தீக?"

"ஆமா, ஓடைத் தண்ணிதான். அது மணிமுத்தாத்துக்குத்தான் போகும்."

"அப்பச் சரி. அது தாமிரபரணியில கலந்து வர்றதுதானே இந்த ஊருக்குக் குடிதண்ணி. நாங்க கொழும்புக்குப் புறப்படும்போது பீப்பாயில ரொப்பிக்கிட்டுப் போனது உங்க வீட்டுத் தண்ணியைத்தான். உங்களுக்கு முன்னாடியே உங்க தண்ணி கடல் தாண்டிட்டு, தெரியுமா?"

அப்பா ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, நான் அதுவரைக்கும் கேட்டே இராத ஒரு விசயத்தை அவர்கிட்ட சொன்னார். எங்க தாத்தாவோட அப்பா 1930 வாக்குல மாஞ்சோலைக்கு ஏறினவர். அவருக்கு ஒரு அண்ணன். அவர் அதுக்கு ரொம்ப முன்னாடியே, கங்காணி பிடிச்ச ஆளுங்களோட ஆளா, தூத்துக்குடியில கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போயிட்டாராம். இலங்கைத் தேயிலைக்கு. ஒண்ணு ரெண்டு கடுதாசி வந்திருக்கு. அப்புறம் வரல.

இங்க பக்கத்துல தட்டப்பாறையில, இலங்கைக்குப் போற கூலிகளை நிறுத்திவச்சு நோய் இருக்கான்னு பார்த்து அனுப்புற முகாம் ஒரு காலத்துல இருந்தது. மணியாச்சியில இருந்து 1876-ல் போட்ட ரயில்பாதைதான் அவங்களைக் கொண்டுவந்து இறக்குச்சு. பல்லாயிரம் பேர் அப்படிப் போனாங்க. பள்ளிக்கூடப் புத்தகத்துல இந்தத் துறைமுகத்துல முத்தும் பருத்தியும் ஏறினதை எழுதியிருக்கும், மனுசங்க ஏறினது ஓரத்துல ஒரு வரியாத்தான் இருக்கும். அதுல ஒருத்தர் எங்க வீட்டு ஆளுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அண்ணன் தம்பி ரெண்டு பேருமே தேயிலைக்குத்தான் போயிருக்காங்க. ஒருத்தர் மலை ஏறினார், ஒருத்தர் கப்பல் ஏறினார்.

தண்டல் இதைக் கேட்டுட்டு, "அப்ப நீங்க இந்த ஊருக்குப் புதுசு இல்லல்லா" அப்படின்னார். அவருக்கு அது சாதாரணப் பேச்சு. அப்பாவுக்கு அது அப்படி இல்லன்னு முகத்துல தெரிஞ்சுது.

அதுக்காக அப்பா ஒரே நாள்ல தூத்துக்குடிக்காரர் ஆயிட்டார்னு கதை விட மாட்டேன். தொலைக்காட்சியில மழைக் கணக்கு வாசிக்கும்போது ஊத்து, நாலுமுக்குன்னு பேர் வந்தா இன்னமும் சத்தத்தைக் கூட்டி வைப்பார். சீலா மீனை "இதென்ன பெரிய ருசி"ன்னு சொல்லிக்கிட்டே மூணு துண்டு சாப்பிடுவார். 2028-ல குத்தகை முடிஞ்சப்புறம் அந்த மலை முழுக்கக் காடாகும், யானை வரும், நல்லதுதான்னும் சொல்வார். சொல்லிட்டு எழுந்து போயிடுவார்.

எனக்குக் கிடைச்ச பதில் இவ்வளவுதான். அழகான ஊர் எத்தனையோ இருக்கு. ஆனா தன்னோட இடத்தை இழந்த ஒருத்தன் வந்து நின்னா, 'உன்னை மாதிரி நிறையப் பேரைப் பார்த்திருக்கேன், அந்தப் பக்கம் உக்காரு'ன்னு சொல்ற ஊர் கொஞ்சம்தான். பழைய துறைமுகத்து ஊருங்க அந்த வகை. தானே மூணு தடவை இடம் பெயர்ந்த ஊருக்கு இன்னொருத்தன் மூட்டையோட வர்றது அதிசயம் இல்ல. வா வான்னு கொண்டாடவும் கொண்டாடாது, போன்னும் சொல்லாது. ரசம் ஊத்தும்.

இந்தப் பக்கம் வர்ற நண்பர்களுக்கு: புதுத்துறைமுகம் பார்க்கணும்னா அனுமதி அது இதுன்னு அலையணும். அதை விட்டுட்டு சாயங்காலம் பழைய துறைமுகம், பனிமய மாதா கோவில், அப்புறம் ஒரு நைட் கிளப். மறுநாள் காலையில கொற்கைக்கு ஒரு நடை. வயல் நடுவுல நின்னு, இது ஒரு காலத்துல கடற்கரைன்னு ஒரு நிமிசம் நினைச்சுப் பாருங்க. திரும்பிப் போகும்போது மக்ரூன் என் செலவு. கடற்கரை ரோட்டு பெஞ்சுல ரெண்டு பெருசுங்க அட்டைக் கதையும் பாய்மரக் கதையும் பேசிக்கிட்டு இருந்தா, பக்கத்துல உக்காந்துக்கங்க. எந்த ஊருன்னு கேப்பாங்க. சும்மா பேச்சுக்குத்தான் கேப்பாங்க, பயப்படாமச் சொல்லுங்க :-)